பல இலாகாக்களுக்கு ஓர் உபகரண அறை

விஞ்ஞானக் கருவிகள் ஒரு காலத்தில் அவற்றைப் பயன்படுத்திய ஆசிரியரின் மேசை மீதே இருந்தன. அவற்றைக் காப்பவரும் அவரே. பழுது நேர்ந்தால் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்காருபவரும் அவரே. இன்றைய கருவிகளின் விலையும் பருமனும் அத்தகைய ஏற்பாட்டுக்கு இடங் கொடுப்பதில்லை. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைப் பௌதிக இலாகாவுக்கு ஒன்று, தாவர இயல் இலாகாவுக்கு ஒன்று என்று வாங்கிக் கொடுப்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. 1970களில் மத்திய விஞ்ஞான, தொழில் நுட்ப இலாகா, சென்னை, பம்பாய் இந்தியத் தொழில் நுட்பக் கழகங்களிலும், லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகத்திலும் நுண்கருவி நிலையங்களை நிறுவியது. விலையுயர்ந்த கருவிகளைப் பலரும் பொதுவில் பயன்படுத்த வேண்டும் என்பதே இதன் நோக்கம். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் ஐ-ஸ்டெம் என்னும் இணையதளம் தொடங்கப்பட்ட பின்னர், எந்த நிலையத்தில் எந்தக் கருவி உள்ளது என்பதை அறிந்து, அதனைப் பயன்படுத்த அனுமதி கோருவதும் எளிதாயிற்று.

கருவியைப் பகிர்ந்துகொள்வது இவ்வாறு ஒழுங்குபட்டு வருகிறது. ஆனால் கருவி நிற்கும் அறையைப் பகிர்ந்துகொள்வதில் அத்தகைய ஒழுங்கை எங்கும் காண்பதற்கில்லை. ஒரு பெரிய ஸ்தாபனத்தில் பூட்டி வைக்கத்தக்க அறைகள் எப்போதும் குறைவு. கெட்டியான கதவும், கம்பியிட்ட சன்னலும், தடையில்லா மின்சாரமும் உள்ள அறை ஒன்று கிடைத்துவிட்டால், அதில் கணிப்பொறி நிலையத்தார் தங்கள் இயந்திரங்களை வைப்பர். தொலைபேசிப் பிரிவினர் இணைப்புப் பெட்டியை வைப்பர். உயிரியல் இலாகா குளிர்பெட்டியைக் கொண்டு வந்து நிறுத்தும். மின்சாரப் பிரிவின் மின்கல அடுக்கும் ஒரு மூலையில் இடம் பிடித்துக்கொள்ளும். அறை நிறைந்துவிடுகிறது. இதற்குப் பொறுப்பாளர் யார் என்று கேட்டால், நான்கு இலாகாக்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

ஒரு சொல்லின் இரு பொருள்கள்

இங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு ஏற்படும் ஒரு சங்கடத்தைக் கூறுவது பொருத்தமாகும். ஆங்கிலக் கோப்புகளில் செக்யூரிட்டி என்றும் சேஃப்டி என்றும் வரும் இரண்டு சொற்களையும் நாம் தமிழில் ‘பாதுகாப்பு’ என்றே எழுதிவிடுகிறோம். முன்னது, பொருளைக் கெட்ட நோக்குடைய மனிதரிடமிருந்து காப்பது. பின்னது, மனிதரைப் பொருளிடமிருந்து காப்பது. முன்னதற்குப் பூட்டு வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அதிகம் பேருக்குத் தெரியாதிருப்பதும் நல்லது. பின்னதற்கோ, உள்ளே என்ன இருக்கிறதென்பது அந்தக் கதவின் அருகே போகும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரே அறையில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. ‘அறை பாதுகாப்பாக உள்ளது’ என்று சுற்றறிக்கையில் எழுதும்போது, இரண்டில் எதைச் சொல்கிறோம் என்பது எழுதுபவருக்கே தெளிவாக இருப்பதில்லை. இக்கட்டுரையில் முன்னதைக் காவல் என்றும், பின்னதைக் காப்பு என்றும் வேறுபடுத்திக் கூறுவோம்.

ஓர் அறையை ஒரே இலாகா ஆளும் வரையில், காவலும் காப்பும் ஒருவர் கையிலேயே இருக்கும். சாவி வைத்திருப்பவருக்கே உள்ளிருக்கும் பொருளின் குணமும் தெரியும். பல இலாகாக்கள் புகுந்தவுடன் இது பிரிந்துபோகிறது. சாவி எல்லோரிடமும் இருக்கிறது. குணம் அறிந்தவர் ஒவ்வொரு பொருளுக்கும் ஒருவர் மட்டுமே.

மாயாபுரியில் நிகழ்ந்தது

காவல் குறைவின்றி இருந்தும் காப்பு அற்றுப்போவதால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. டில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயன இலாகாவில் காமாசெல் 220 என்ற கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. ஆராய்ச்சிக்குரிய பொருள்களைக் காமாக் கதிர்களுக்கு உட்படுத்துவதற்காகக் கானடாவில் செய்யப்பட்ட சாதனம் அது. அதனுள் கோபால்ட் 60 என்னும் கதிரியக்கப் பொருள், கனத்த ஈயக் கவசத்தின் நடுவே வைக்கப்பட்டிருந்தது. 1985ஆம் ஆண்டுக்குப் பிறகு அதனை எவரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் அது கழிவுப் பொருளாக ஏலத்தில் விற்கப்பட்டு, மேற்கு டில்லியிலுள்ள மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையை அடைந்தது. அங்கே கவசத்தைப் பிரித்தார்கள். உள்ளிருந்த உலோகத் துண்டுகள் கைமாறின. ஏப்ரல் மாதத்தில், தோல் கருகியும் மயிர் உதிர்ந்தும் மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கண்ட பிறகே விஷயம் வெளிப்பட்டது. ஒருவர் இறந்தார், எழுவர் கதிர்வீச்சால் துன்புற்றனர். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், பாபா அணு ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றின் நிபுணர்கள் அத்துண்டுகளைத் தேடியெடுத்து, நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். ஏழு படிகள் கொண்ட சர்வதேச அளவுகோலில் இச்சம்பவம் 4ஆம் படியில் வைக்கப்பட்டது.

ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக் காட்டத்தக்க கணக்கு ஒன்று இதில் உண்டு. கோபால்ட் 60இன் அரை ஆயுட்காலம் சுமார் 5.27 ஆண்டுகள். 1985 முதல் 2010 வரை 25 ஆண்டுகள். அதாவது, ஏறத்தாழ நாலே முக்கால் அரை ஆயுட்காலங்கள். அத்தனைக்குப் பிறகு எஞ்சும் கதிரியக்கம், தொடக்கத்தில் இருந்ததில் சுமார் 27இல் ஒரு பங்கே. அந்த ஒரு பங்கே ஓர் உயிரைக் கொள்ளை கொண்டது. ‘பல காலம் கிடந்த பழைய சாமான்’ என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை மாணவர்கள் இதனால் அறிவர்.

அந்தக் கருவியை எவரும் திருடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது கதவு வழியே, அலுவலக முறைப்படி வெளியே சென்றது. கால் நூற்றாண்டுக் காலம் அதனைப் பூட்டு காத்தது. ஆனால் அது இன்னதென்ற அறிவை அதனோடு சேர்த்துக் காக்க அந்தப் பூட்டால் இயலவில்லை.

இதற்கு நமது கணக்கு முறையும் ஓரளவு இடங் கொடுக்கிறது. நிலையான சொத்துக்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் நேரில் சரிபார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் கூறின. அதற்கு முன்பும் இத்தகைய சரிபார்ப்பு நமக்குப் புதிதன்று. ஆனால் சரிபார்ப்பவர் காண்பது என்ன? ‘எஃகுப் பெட்டி, ஒன்று, இருக்கிறது.’ பெட்டிக்குள் இருப்பது சர்க்கரையா, நஞ்சா என்று கேட்கும் பத்தி அப்பதிவேட்டில் பெரும்பாலும் கிடையாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் சரிபார்ப்பு முடிந்துவிடுகிறது. மாயாபுரிக் கருவி இருந்தது ஒரே இலாகாவின் பொறுப்பில். ஓர் இலாகாவுக்குள்ளேயே அறிவு இப்படித் தேய முடியுமானால், நான்கு இலாகாக்களின் சாமான்கள் கலந்து கிடக்கும் அறையில் அது தேய்வதற்கு 25 ஆண்டுகள் வேண்டியதில்லை.

ஆகவே பொது அறையின் பதிவேட்டில் இரண்டு பத்திகளைக் கூடுதலாகச் சேர்ப்பது உத்தமம். ஒன்று, இப்பொருளால் என்ன தீங்கு நேரக்கூடும் என்பது. மற்றொன்று, யாரைக் கேளாமல் இதனை அப்புறப்படுத்தக் கூடாது என்பது. இரண்டாவது பத்தியில் பதவியைக் குறிப்பிட வேண்டும். பெயரை மட்டும் எழுதினால், அவர் ஓய்வு பெற்றவுடன் அந்தப் பத்தி வெறும் பத்தியாகிவிடும். கதிரியக்கப் பொருள் உள்ள இடங்களில் கதிர்வீச்சுக் காப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் விதிகள் வகுத்ததன் கருத்தும் ஏறக்குறைய இதுவே.

பூட்டுக்களின் சங்கிலி

இனிச் சாவியைப் பற்றிப் பார்ப்போம். ஒரு பூட்டுக்கு நான்கு சாவிகள் செய்து நான்கு இலாகாக்களுக்குக் கொடுப்பது சாதாரண வழக்கம். இருப்பவற்றில் மோசமான வழக்கமும் அதுவே. ஒரு சாவி காணாமற் போனால் பூட்டையே மாற்ற வேண்டும். காணாமற் போனதை ஒப்புக்கொள்ள யாரும் முன்வராததால், பூட்டும் மாறுவதில்லை.

இதைவிட எளிதும் சிறந்ததுமான ஏற்பாடு ஒன்றைப் பல இடங்களில் வெளிக்கதவுகளில் காணலாம். கதவைச் சுற்றி ஒரு சங்கிலி. சங்கிலியின் இரு முனைகளையும் ஒரே பூட்டால் இணைக்காமல், ஒன்றன் வளையத்தில் ஒன்றாகக் கோத்த நான்கு பூட்டுகளால் இணைக்கிறார்கள். ஒவ்வோர் இலாகாவுக்கும் ஒரு பூட்டு, அதற்குரிய சாவி. எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடுபடும். ஓர் இலாகாவின் சாவி தொலைந்தால் அதன் பூட்டை மட்டும் மாற்றினால் போதும், மற்றவர்களுக்குத் தொல்லையில்லை. ஆனால் திரும்பப் பூட்டும்போது கவனம் தேவை. தம் பூட்டை இரு பக்கத்துப் பூட்டுகளோடும் கோக்காமல், அடுத்திருப்பதைத் தாண்டி அதற்கப்பாலுள்ள வளையத்தில் மாட்டிவிட்டால், தாண்டப்பட்ட பூட்டு பக்கவாட்டில் வெறுமனே தொங்கும். அதன் சாவி அன்று முதல் பயன்படாது. அவ்விலாகாவின் ஊழியர் அவசரமாக வரும் இரவில்தான் இது தெரிய வரும்.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஆலைகளில் உண்டு. இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது அதன் மின்விசையை நிறுத்தி, பல துளைகளுள்ள எஃகு நாதாங்கி ஒன்றை அதில் மாட்டுவார்கள். வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒரு துளையில் தம் பூட்டைப் போடுவார். கடைசிப் பூட்டு எடுக்கப்படும் வரையில் விசையை எவராலும் திருப்ப இயலாது. முன்னதில் எவரேனும் ஒருவர் போதும். பின்னதில் எல்லோரும் வேண்டும். மின்சுற்றுப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனை மிகுந்த பயனோடு எடுத்துக் காட்டலாம். பக்க இணைப்பிலுள்ள விசைகளில் எந்த ஒன்றைப் போட்டாலும் விளக்கு எரியும். தொடர் இணைப்பில் எல்லா விசைகளையும் போட வேண்டும். பூட்டுகளிலோ, கண்ணுக்குத் தொடராகத் தோன்றும் சங்கிலிதான் பக்க இணைப்பைப் போல வேலை செய்கிறது! சைக்கிள் சங்கிலி ஒன்றும் மூன்று பூட்டுகளும் இருந்தால், மாணவர்களே இதைச் செய்து பார்த்து அறிவர்.

கருவூலங்களின் இரட்டைப் பூட்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தேர்தல் பணியாற்றிய ஆசிரியர்கள், வாக்குப்பதிவு இயந்திரங்கள் வைக்கும் அறையிலும் இதனைக் கண்டிருப்பார்கள். இரண்டு அதிகாரிகள் சேர்ந்து வந்தாலன்றி அறை திறவாது. அசையாமல் இருக்க வேண்டிய பொருளுக்கு இது மிகப் பொருத்தமானது. கதிரியக்க மூலங்கள், கொடிய நஞ்சுகள் ஆகியவற்றுக்கு இதனையே கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் நாள்தோறும் பத்து முறை திறக்கும் அறைக்கு இரட்டைப் பூட்டுப் போட்டால், முதல் வாரத்திலேயே இரண்டு சாவிகளும் ஒருவர் சட்டைப் பையில் வந்து சேரும். ஆதலால் கொடிய பொருளையும் அன்றாடக் கருவியையும் ஒரே அறையில் வைப்பதே கூடாது. இடமில்லையெனில் அறைக்குள் தனிப் பூட்டுள்ள பேழையாவது வேண்டும்.

அட்டையைக் காட்டித் திறக்கும் மின்பூட்டுகள் இப்போது பரவியுள்ளன. யாருடைய அட்டை எப்போது திறந்தது என்பதை அவை பதிவு செய்வதால், சங்கிலியில் இல்லாத ஒரு நன்மை கிடைக்கிறது. அட்டையை நண்பருக்கு இரவல் கொடுக்கும் வழக்கம் நிற்கும் வரையில் அந்நன்மை அரைகுறையே. எவ்வகைப் பூட்டாயினும், உள்ளே இருப்பவர் சாவியோ அட்டையோ மின்சாரமோ இல்லாமல் வெளியே வர இயல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

ஒவ்வோர் இலாகாவும் தன் பொருளைப் பற்றி அறிந்திருந்தும், பக்கத்துப் பொருளைப் பற்றி அறியாததால் விளையும் தீங்குக்குத் திரவ நைட்ரஜனைக் காட்டலாம். கால்நடைத் துறையின் களப் பணியாளர்களுக்கு இது பழகிய பொருள். செயற்கைக் கருவூட்டலுக்குரிய விந்துக் குழல்களை அவர்கள் இதில்தான் வைத்திருக்கின்றனர். இதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி சென்டிகிரேடு. கையிற் பட்டால் புண்ணாகும் என்பதை அனைவரும் அறிவர். அதைவிடப் பெரிய ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிகிறது.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 36 கன மீட்டர். 25 லிட்டர் திரவம் அங்கே கொட்டிவிட்டால், சுமார் 17 கன மீட்டர் நைட்ரஜன் வாயு உண்டாகி, அந்த அளவு காற்றை வெளியே தள்ள முயலும். சாதாரணக் காற்றில் 20.9 சதவீதமாக உள்ள பிராணவாயு, வாயுக்கள் கலக்கும் விதத்தைப் பொறுத்து, 11க்கும் 13க்கும் இடைப்பட்ட சதவீதமாகக் குறைந்துவிடும். 19.5 சதவீதத்துக்குக் கீழே சென்றாலே அவ்விடம் புகத்தக்கதன்று. மேலும், மூச்சுத் திணறல் என்ற உணர்ச்சியை நமக்குத் தருவது பெரும்பாலும் உடலில் கரியமில வாயு மிகுவதேயன்றி, பிராணவாயு குறைவதன்று. ஆகவே நைட்ரஜன் நிறைந்த அறையில் புகுபவர் எவ்வித எச்சரிக்கையும் இன்றி நினைவிழந்து விழக்கூடும். அவரைத் தூக்கச் செல்பவரும் அவ்வாறே விழுவார்.

உயிரியல் இலாகாவினர் இதனை அறிந்தே சன்னலைத் திறந்து வைக்கிறார்கள். அடுத்து வரும் கணிப்பொறி நிலையத்து ஊழியர், தூசியும் வெப்பமும் தம் இயந்திரத்துக்கு ஆகாதென்று அதே சன்னலை மூடிக் குளிர்சாதனத்தை ஓட விடுகிறார். இருவரும் தத்தம் கடமையையே செய்தனர். ஒரே சன்னலைத் திறப்பதும் மூடுவதும் இரண்டு வெவ்வேறு உத்தரவுகளின்படி நடைபெறுகின்றன. அவ்விரண்டையும் ஒருங்கே படித்தவர் ஸ்தாபனத்தில் எவரும் இல்லை. களப் பணியாளர்கள் இதே கவனத்தை வாகனத்திலும் கொள்ள வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிய ஜீப்பில் நைட்ரஜன் கலத்தைக் கொண்டு செல்வதும் ஒரு சிறு மூடிய அறையில் உட்காருவதும் ஒன்றே.

மின்கல அடுக்கும் இத்தகையதே. ஈயமும் அமிலமும் கொண்ட மின்கலங்கள் மின்னேற்றம் பெறும்போது ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 சதவீதத்தை அடைந்தால் தீப்பற்றும் தன்மை பெறுகிறது. தீயணைப்பதற்குக் கரியமில வாயுவை நிரப்பும் சாதனம் உள்ள அறையானால், எச்சரிக்கை மணி அடித்தவுடன் வெளியேற வேண்டும் என்பது, தொலைபேசிக் கம்பியைச் சரிபார்க்க அரை மணி நேரம் வந்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெருப்பை அணைக்கும் அளவுக்குச் செறிந்த அந்த வாயு, மனிதனையும் கொல்லும்.

பள்ளிகளில் இத்தனை பெரிய அறைகள் இல்லை. ஆயினும் இரசாயனம், பௌதிகம், உயிரியல் மூன்றுக்கும் பொதுவான ஒரு சாமான் அறை பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் உண்டு. செறிந்த அமிலங்களும், உடைந்த வெப்பமானிகளின் பாதரசமும், பார்மலினும் அங்கே அக்கம்பக்கமாக இருக்கும். வேளாண்மைக் கிளை நிலையங்களில் விதையும் பூச்சிமருந்தும் ஒரே கிடங்கில் கிடப்பதும் உண்டு. இது கூடவே கூடாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பொறுப்பு மாறும் நாள்

பொது அறைக்கு ஒரு குழு அமைப்பது நம் அலுவலகங்களின் இயல்பு. குழு கூடி விதிகளை வகுக்கட்டும். கதவுக்குப் பொறுப்பு ஒருவரிடமே இருக்க வேண்டும். அவர் எந்த இலாகாவைச் சேர்ந்தவர் என்பது முக்கியமன்று. எல்லா இலாகாக்களின் பொருள்களைப் பற்றியும் கேள்வி கேட்கவும், விடை வராத பொருளை அறைக்குள் அனுமதிக்க மறுக்கவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். அதிகாரமில்லாத பொறுப்பாளர், சாவி மாட்டும் ஆணிக்குச் சமானம்.

அவர் மாற்றலாகும் நாளே மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நாள். வழக்கமாக இரு அதிகாரிகளும் மேசையின் இரு புறமும் அமர்ந்து, பட்டியலின் கீழே கையொப்பமிட்டு, சாவிக்கொத்தைக் கைமாற்றிக்கொள்வர். அதற்குப் பதிலாக, இருவரும் அறைக்குள் சென்று ஒவ்வொரு பொருளின் முன்பும் நின்று, இது என்ன, இது யாருடையது, இது எதனோடு சேரக் கூடாது என்று புதியவர் கேட்க, பழையவர் சொல்ல வேண்டும். பழையவரால் விடை கூற இயலாத பொருள் ஒன்றேனும் இருக்கும். அதனைத் தனித் தாளில் எழுதி உரிய இலாகாவுக்கு அன்றே அனுப்புவது முறை. கழிவுப் பொருள் என்று அதன்மேல் சீட்டு ஒட்டுவதற்கு அந்தத் தாளுக்கு விடை வரும் வரையில் எவருக்கும் உரிமையில்லை.

கதவின் வெளிப்புறத்தில், பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், உள்ளிருக்கும் ஆபத்துக்களின் குறிகளும், தீயணைப்போர் தண்ணீரைப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற குறிப்பும் கொண்ட அட்டை தொங்க வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று காவற்காரரின் அறையில், கண்ணாடி முகப்புள்ள சிறு பெட்டியில் முத்திரையுடன் இருக்க வேண்டும். முத்திரை உடைந்திருந்தால் கேள்வி எழும். இவற்றில் அட்டைதான் அடிக்கடி மறக்கப்படுகிறது. சாவி கைமாறிய பின்னும் பழையவரின் பெயரும் எண்ணுமே கதவில் தொங்கிக்கொண்டிருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கதவிடுக்கில் புகையைக் காணும் காவற்காரர் அந்த எண்ணைத்தான் அழைப்பார். கவுஹாத்திக்கு மாற்றலாகிச் சென்று உறங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து பேசுவார். ஆதலால் அட்டையை மாற்றி எழுதித் தொங்கவிட்ட பிறகே புதியவர் சாவியைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.